எதிர்வீட்டுக் குடை

பக்கீர் முகமதுவின் சட்டை கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று இமைகளை இறுக மூடிக்கொண்டு நடந்தபோதுதான் இருதயராஜ் எருமையின் மேல் மோதினார். எருமைக்கு ஒன்றும் ஆகவில்லை. அவரை ஒரு முறை முகர்ந்து பார்த்தது. வைக்கோல் இல்லை என்று தெரிந்ததும் தன் வழியே போய்விட்டது. இருதயராஜுக்குத்தான் மூக்கு வீங்கிவிட்டது. அந்த மூக்கோடு குருவின் முன்னால் போய் நின்றார்.

"குருவே, இதுக்கு இன்னைக்கு ஒரு முடிவு சொல்லணும்."

மோதியதை ஜன்னல் வழியே பார்த்திருந்த குரு செண்பகவல்லி கீபோர்டிலிருந்து கையை எடுக்கவில்லை.

"எருமைக்கா, மூக்குக்கா?"

"லைசென்ஸுக்கு."

"அப்ப உக்காருங்க, அண்ணாச்சி. அது எருமையைவிட மெதுவா நகரும்."

குருவுக்கு முப்பத்தாறு வயது. சீடருக்கு அறுபது தாண்டிவிட்டது. டெலிபோன் இலாகாவில் கம்பம் ஏறி ஏறி ஓய்வு பெற்றவர் இருதயராஜ். இனிமேல் ஏறக் கம்பம் இல்லையே என்று கம்ப்யூட்டர் படிக்க வந்தார். வந்த புதிதில் கேலியாகத்தான் 'குருவே' என்று கூப்பிட்டார். போகப் போக அது பழக்கமாயிற்று. பிறகு ஒரு நாள், அவர் கஷ்டப்பட்டு எழுதிய முதல் நிரலைச் செண்பகவல்லி வாசித்துவிட்டு, பாதியை அழித்தார். மிச்சப் பாதி முன்னைவிட நன்றாக ஓடியது. அன்றிலிருந்து இருதயராஜ் அந்தச் சொல்லை மனசாரச் சொல்ல ஆரம்பித்தார்.

மலையடிவாரத்து ஊர் அது. வருஷத்தில் பாதி நாள் சாரல். அங்கே மேட்டுத் தெருவில் எதிரும் புதிருமாக இரண்டு வீடுகள். இரண்டிலும் ஒரே தொழில்தான். கம்ப்யூட்டரைத் தட்டியதும் அது கண் விழித்து, திரையையும் அச்சு மிஷினையும் தட்டி எழுப்பி, 'ஐயா, என்ன வேலை' என்று கேட்கிறதல்லவா, அப்படிக் கேட்க வைக்கும் ஆதார மென்பொருளை இயங்குதளம் என்பார்கள். பெரிய கம்பெனிகள் அதை விற்கின்றன. மேட்டுத் தெருக்காரர்கள் அதை ஊருக்குச் சும்மா கொடுத்தார்கள். சும்மா கொடுப்பதில் அந்த இரண்டு வீட்டுக்கும் இருந்த சண்டையைப் போல, விற்கிறவர்களுக்குள்கூட இருந்ததில்லை.

செண்பகவல்லி வீட்டு இயங்குதளத்துக்கு 'நத்தை' என்று பெயர். சின்னது, லேசானது, எந்த ஓட்டைக் கம்ப்யூட்டரிலும் ஓடும். கல்யாண மண்டபத்து மாவு கிரைண்டரில் ஒரு தடவை அதை ஏற்றிப் பார்த்தார்களாம். கிரைண்டர் பாஸ்வேர்டு கேட்டு அடம் பிடித்ததால் அன்றைக்கு மண்டபத்தில் எல்லாருக்கும் உப்புமாதான் என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். எதிர்வீட்டு இயங்குதளம் 'மரங்கொத்தி'. பெரியது, சகல வேலையும் செய்யும். ஆனால் எழுந்து உட்காருவதற்குள் நாம் ஒரு டீ குடித்துவிட்டு வந்துவிடலாம்.

சண்டை, சும்மா கொடுக்கும்போது எழுதி வைக்கும் நிபந்தனையில், அதாவது லைசென்ஸில் இருந்தது. அதைப் புரிந்துகொள்ள அவர்கள் உரிமத்தை வாசிக்க வேண்டாம், வாசலில் தொங்கும் குடையைப் பார்த்தால் போதும். இரண்டு கூட்டத்தாரும் குடைக்கும் லைசென்ஸ் போட்டவர்கள்.

நத்தை வீட்டு வாசலில் ஒரு ஆணி, ஆணிக்கு மேலே ஒரு அட்டை: 'யாரும் குடை எடுக்கலாம், என்னவும் செய்யலாம். கைப்பிடியில் உள்ள எங்கள் பெயரை மட்டும் சுரண்டாதீர்கள்.' மரங்கொத்தி வாசலிலும் ஒரு ஆணி, ஒரு அட்டை: 'யாரும் குடை எடுக்கலாம். எடுத்தவர் தம் வீட்டுக் குடைகளையும் இதே நிபந்தனையோடு ஊருக்குத் தொங்கவிட வேண்டும்.' இதனால் நத்தையின் குடை மரங்கொத்தி ஆணிக்குத் தாராளமாகப் போகும். மரங்கொத்தியின் குடை நத்தை ஆணிக்கு வராது. நத்தை வீட்டு ஆணி எப்போதும் காலியாக இருக்கும்.

குடைக்கு என்ன கதியோ அதே கதிதான் இருதயராஜின் டிரைவருக்கும் வந்தது.

டிரைவர் என்றால் வண்டி ஓட்டுகிறவர் இல்லை. கம்ப்யூட்டருக்கும் அதோடு இணைத்த மிஷினுக்கும் நடுவில் நின்று, இவர் பேச்சை அவருக்கும் அவர் பேச்சை இவருக்கும் சொல்லும் துண்டு நிரல். ஊரில் பார்வையற்ற பிள்ளைகளின் பள்ளிக்கூடம் ஒன்று இருந்தது. அங்கே காகிதத்தில் பிரெய்ல் புள்ளி குத்தும் பழைய மிஷின் ஒன்று. அதைக் கம்ப்யூட்டரோடு பேச வைக்க யாராலும் முடியவில்லை. இருதயராஜ் உட்கார்ந்து டிரைவர் எழுதினார். மிஷின் கடகடவென்று குத்த ஆரம்பித்தபோது, அங்கே தலைமை டீச்சரான ஞானசுந்தரி காகிதத்தில் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அவருக்கும் பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. இனிமேல் பரீட்சைத் தாள்களை யாரும் கையால் குத்த வேண்டியதில்லை, அதற்கு நான் பொறுப்பு என்று இருதயராஜ் அங்கேயே வாக்குக் கொடுத்துவிட்டார்.

வாக்குக் கொடுத்த வாயை மூடுவதற்குள் மிஷின் புள்ளியை விழுங்கத் தொடங்கியது. பக்கம் திரும்பும்போதெல்லாம் ஒரு புள்ளி காணாமல் போகும். பிரெய்லில் ஒரு புள்ளி குறைந்தால் ஏழு நாலாகிவிடும். கணக்குப் பரீட்சையில், ஏழு பேர் இருந்த பஸ்ஸிலிருந்து ஐந்து பேர் இறங்கினால் மீதி எத்தனை என்று கேட்டிருந்தார்கள். பிள்ளைகள் கையில் நாலு பேர் இருந்த பஸ்ஸிலிருந்து ஐந்து பேர் இறங்கினார்கள். யோசித்துப் பார்த்த ஒரு பெண், 'கண்டக்டரும் இறங்கிவிட்டார்' என்று விடை எழுதியிருந்தாள். ஞானசுந்தரி டீச்சர் அதற்கு முழு மதிப்பெண் போட்டுவிட்டார்.

இருதயராஜ் தவறைத் தேடினார், கிடைக்கவில்லை. இதற்கிடையில் அவருடைய டிரைவரை எதிர்வீட்டார் நத்தையின் நிபந்தனை அனுமதித்தபடி எடுத்துப் போய் மரங்கொத்தியில் வைத்தார்கள். அங்கே பக்கீர் முகமது அதைப் பிரித்துப் பார்த்து, புள்ளி விழுங்கும் இடத்தைக் கண்டுபிடித்துச் சரி செய்துவிட்டார். சரி செய்த பகுதி மரங்கொத்தி நிபந்தனையில் வெளிவந்தது. அதை எடுத்து நத்தையில் வைத்தால் நத்தையும் மரங்கொத்தி நிபந்தனைக்குள் போக வேண்டியதுதான். பள்ளிக்கூடமாவது மரங்கொத்திக்கு மாறலாம் என்றால், அங்கே இருப்பவை யாரோ தானம் கொடுத்த பழைய கம்ப்யூட்டர்கள். மரங்கொத்தியை ஏற்றினால் மூச்சு வாங்கி நின்றுவிடும்.

போதாததற்கு, பக்கீர் அந்தத் திருத்தத்தைச் சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொண்டு தெருவில் உலாத்தினார்.

இருதயராஜ் அதைப் பார்க்கவும் முடியாது. அடுத்தவர் நிரலைப் பார்த்தவர் பிறகு சொந்தமாக எழுதினாலும், பார்த்து எழுதியது என்றுதான் சொல்வார்கள். இந்தத் தொழிலில் அது ஒரு தீட்டு. அதனால்தான் பக்கீர் வரும்போதெல்லாம் அவர் கண்ணை மூடினார். அதனால்தான் எருமை.

குருவிடம் அவர் இதற்கு முன்பும் இரண்டு யோசனைகளோடு வந்ததுண்டு. நம் லைசென்ஸை மாற்றி, அவர்கள் நம்மிடமிருந்து எதுவும் எடுக்க முடியாதபடி செய்துவிடலாம் என்பது முதல் யோசனை. தாராளமா மாத்தலாம், எழுதினவங்க எல்லாரையும் கேட்டுட்டு வாங்க, எழுதினவங்க சொன்னாத்தான் மாத்த முடியும் என்றார் குரு. இருதயராஜ் கேட்கப் போனார். நத்தையில் எழுதியவர்களில் ஒருவர் 'கறுப்புப் பூனை' என்ற பெயரில் எழுதியவர். ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியவில்லை. இன்னொருவர் சந்நியாசம் வாங்கி இமயமலைப் பக்கம் போய்விட்டார். அவரையும் விடாமல் பிடித்தார் இருதயராஜ். 'என்னுடையது' என்ற எண்ணத்தையே விட்டுவிட்டேன், விட்டதற்கு எப்படி நான் சொந்தக்காரனாகக் கையெழுத்துப் போடுவேன் என்று சுவாமி கேட்டார். அந்த யோசனை அங்கேயே பனியில் உறைந்தது.

இரண்டாவது யோசனை கொஞ்சம் தந்திரமானது. பார்த்தவர் எழுதக் கூடாது, எழுதுகிறவர் பார்க்கக் கூடாது. ஆகவே ஒருவர் பார்த்துவிட்டு, என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் வாயால் சொல்ல, மற்றவர் எழுதலாம். தொழிலில் ஒப்புக்கொண்ட வழிதான். பார்க்கிற வேலைக்கு நத்தை வீட்டுக் கோமதிநாயகத்தை வைத்தார்கள். அவர் மகா நேர்மையாளர். பக்கீரின் நிரலில் உள்ள ஒரு சொல்கூடத் தன் வாயில் வந்துவிடக் கூடாது என்று, 'பக்கம்' என்று சொல்லாமல் 'அந்த வெள்ளையான சமாச்சாரம்' என்றார். 'புள்ளி' என்று சொல்லாமல் 'அந்த அம்மைத் தழும்பு' என்றார். இருதயராஜ் புரிந்தவரைக்கும் எழுதினார். மிஷினுக்கு வெறி வந்தது. இடியாப்ப உழக்கின் அடித்தட்டு மாதிரி ஓட்டை ஓட்டையாகக் காகிதம் வெளியே வந்தது. ஞானசுந்தரி டீச்சர் அதைத் தடவிப் பார்த்தார்.

"யாரோ ரொம்பக் கோபமா எழுதியிருக்காங்க," என்றார்.

பிறகு அந்தத் தாளைப் பத்திரமாக மடித்துக்கொண்டார். மாவு சலிக்க ஆகும் என்றார். கிளம்பும்போதுதான் மெதுவாகக் கேட்டார்.

"அரைப் பரீட்சை திங்கக்கிழமை ஆரம்பம். கையாலயே குத்திரட்டுமா, சார்?"

அந்தக் கேள்விதான் இருதயராஜை வாட்டியது. எருமை மேல் மோதியது மூக்கோடு போய்விட்டது. இது உள்ளே போயிருந்தது.

இப்போது குருவின் முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் மறுபடி கொட்டினார். நம்மிடம் எடுத்துக்கொண்டு நமக்கே கதவைச் சாத்தினார்கள் என்றார். சாத்தியதோடு நிற்காமல் சட்டை போட்டுக் கேலி செய்கிறார்கள் என்றார். திறந்து வைத்தவன் முட்டாளா, பூட்டி வைத்தவன் புத்திசாலியா, அதையாவது சொல்லுங்கள் என்றார்.

குரு இதுவரைக்கும் எந்தக் கேள்விக்கும் நேராகப் பதில் சொன்னதாகச் சரித்திரம் இல்லை.

"பள்ளிக்கூடம் போயிட்டு வாங்க, அண்ணாச்சி. திருத்தம் கிடைக்கலன்னு டீச்சர்கிட்ட நேர்ல சொல்லிருங்க. அவங்க இன்னைக்கே குத்த ஆரம்பிச்சாத்தான் முடியும்."

இருதயராஜ் எழுந்தார். எழுந்த நேரம் பார்த்து மலையிலிருந்து சாரல் இறங்கித் தெருவை மூடியது. வாசல் வரை போனவர் ஆணியைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"குடை இல்ல."

"எதிர்வீட்டு ஆணியில கொத்தாத் தொங்குதே."

"அதை எடுத்தா நம்ம வீட்டுக் குடையெல்லாம் அவங்க நிபந்தனையில தொங்கணும்."

"நம்ம வீட்டுலதான் குடையே இல்லையே."

"இல்லாட்டியும் கொள்கைன்னு ஒண்ணு இருக்கு, குருவே."

செண்பகவல்லி அன்றைக்கு முதல் தடவையாகக் கீபோர்டிலிருந்து கையை எடுத்தார். எழுந்து போய் ஜன்னலைத் திறந்தார்.

"பக்கீர், அண்ணாச்சி நனையப் போறாரு. ஒரு குடை கொடு."

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. பக்கீர் முகமது ஆணியின் பக்கம் திரும்பவே இல்லை. உள்ளே போய்த் தன்னுடைய கறுப்புக் குடையை எடுத்துக்கொண்டு, தலையில் துண்டைப் போட்டபடி தெருவைத் தாண்டி ஓடி வந்தார். இருதயராஜ் வழக்கப்படி கண்ணை மூடிக்கொண்டு கையை மட்டும் நீட்டினார். குடைக் கைப்பிடி கையில் வந்து விழுந்தது.

"நிபந்தனை என்ன, பாய்?" என்றார் கண்ணைத் திறக்காமல்.

"நிபந்தனையா? மழை விட்டதும் கொடுங்க அண்ணாச்சி. அது எங்க வாப்பா குடை."

துண்டை இழுத்துவிட்டுக்கொண்டு பக்கீர் ஓடிப்போனார். குரு ஜன்னலைச் சாத்திவிட்டுத் தன் இடத்தில் போய் உட்கார்ந்தார். கீபோர்டுச் சத்தம் மறுபடி கேட்டது.

இருதயராஜ் குடையை விரித்துக்கொண்டு தெருவில் இறங்கினார். பள்ளிக்கூடம் இடது பக்கம். தெரு நடுவில் வந்ததும் நின்றுவிட்டார். மேலே பார்த்தார். குடையின் கம்பிகளைப் பார்த்தார். திரும்பி, பின்னால் காலியாக இருந்த தங்கள் ஆணியைப் பார்த்தார், எதிரே நெருக்கியடித்துத் தொங்கிய அவர்கள் ஆணியைப் பார்த்தார். கையில் இருந்த குடை இரண்டிலும் தொங்கியதில்லை. அந்த வழியாக வந்த பால்காரர், அண்ணாச்சி வெயில் வரக் காத்திருக்கிறார்போல என்று நினைத்து மணியடித்து விலகிப் போனார்.

பிறகு இருதயராஜ் இடது பக்கம் திரும்பாமல் நேராக நடந்து போய் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார். கதவு திறந்தபோது கண்ணைத் திறந்தே வைத்திருந்தார். பார்வையை மட்டும் பக்கீரின் கழுத்துக்குக் கீழே இறக்கவில்லை.

"பாய், அந்தப் புள்ளித் திருத்தத்தை எழுதினது நீங்கதான?"

"ஆமா."

"அதை நத்தைக்கும் தருவீங்களா? எங்க நிபந்தனையில?"

பக்கீர் அவரையே பார்த்தார். பிறகு வாசற்படியில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"சட்டையைப் பார்த்தாலாவது கேப்பீங்கன்னுதான் அச்சடிச்சே போட்டேன். நீங்க என்னைக் கண்டாலே கண்ணை மூடுறீங்க. நானா வந்து குடுத்தா, எங்களுக்குத் தெரியாதான்னு கோவிச்சுக்குவீங்களோன்னு பயம். டிரைவர் உங்க புள்ள மாதிரில்லா."

"நான் கேலின்னு நினைச்சேன்."

"கேலிக்கு யாராவது துணிக்கடையில போய் அளவு குடுப்பாங்களா, அண்ணாச்சி?"

எழுதினவர் தன் எழுத்தை ஒரு வீட்டுக்கு ஒரு நிபந்தனையிலும், மறு வீட்டுக்கு மறு நிபந்தனையிலும் கொடுக்கலாம். அதைத் தடுக்க எந்த உரிமத்திலும் வரி இல்லை. இது இரண்டு வீட்டிலும் எல்லாருக்கும் தெரியும். இமயமலைச் சுவாமிக்கே தெரிந்திருந்தது. தெரிந்த விஷயத்தை எதிர்வீட்டுக் கதவைத் தட்டுவதற்குப் பயன்படுத்தலாம் என்பதுதான் யாருக்கும் தோன்றவில்லை.

ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. திருத்தத்தில் மூன்று வரி பக்கீரின் மச்சான் எழுதியது. அவர் ரியாத்தில் வேலை பார்க்கிறவர், அவரையும் கேட்க வேண்டும். பக்கீர் அங்கேயே போனைப் போட்டு ஒலிபெருக்கியைத் தட்டினார். விஷயத்தைக் கேட்ட மச்சான், இதுக்கா மாப்ள சாப்பாட்டு நேரத்துல கூப்பிட்ட, எடுத்துக்கச் சொல்லு என்றார். வைப்பதற்கு முன்னால், அந்த மூணு வரியில நடு வரி தேவையே இல்ல, அதைத் தூக்கிட்டு வைக்கச் சொல்லு என்றும் சொன்னார்.

நடு வரியைத் தூக்கிவிட்டு வைத்தார்கள்.

சாயங்காலம் பள்ளிக்கூடத்தில் மிஷின் கடகடத்தது. அதே பஸ் கணக்குத் தாளை ஞானசுந்தரி டீச்சர் கையில் வாங்கி, பக்கம் திரும்பும் இடத்தில் விரலை ஓட்டினார். ஒரு தடவை ஓட்டினார், திரும்ப வந்து மறுபடியும் ஓட்டினார். இருதயராஜ் மூச்சை விடாமல் நின்றார். பக்கீர் அவர் பின்னால், மூச்சோடு சேர்த்துச் சட்டை நுனியையும் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கண்டக்டர் திரும்ப ஏறிட்டாரு, சார்," என்றார் டீச்சர்.

இருதயராஜ் மேட்டுத் தெருவுக்குத் திரும்பி வந்தபோது செண்பகவல்லி அதே நாற்காலியில் இருந்தார். பள்ளிக்கூடத்தில் நடந்ததைச் சொன்னார். மச்சானையும் நடு வரியையும் சொன்னார். குரு தலையை மட்டும் ஆட்டினார். இருதயராஜ் போகாமல் நின்றுகொண்டிருந்தார்.

"கேட்டா தருவாருன்னு உங்களுக்கு முன்னமே தெரியுமா?"

"தெரியாது."

"ஒருவேளை தரமாட்டேன்னு சொல்லியிருந்தா?"

"நனைஞ்சிருப்பீங்க."

இருதயராஜ் வீங்கிய மூக்கைத் தடவிக்கொண்டார்.

"அப்ப இத்தனை லைசென்ஸும் எதுக்கு, குருவே? ராத்திரி பகலாச் சண்டை போட்டு எழுதினோமே, அவங்களும் நாமளும்."

செண்பகவல்லி ஜன்னலைத் திறந்து வெளியே கையை நீட்டிப் பார்த்தார். உள்ளங்கையில் ஒரு துளியும் விழவில்லை.

"அது நம்ம முகம் தெரியாதவங்களுக்கு எழுதி வச்சது, அண்ணாச்சி. மழை விட்டுருச்சு. போய் அந்தக் குடையைக் குடுத்துட்டு வாங்க."